குருவம்மாள் கேட்ட முதல் புத்தகம்

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது.

போன வருஷம், 1966-ல், விருதுநகரில் ஒரு வாசகசாலை வெள்ளி விழா மலர் போட்டது. ‘தெரியாத துறை ஒன்றைக் கற்க விரும்புகிறவர் முதல் புத்தகமாக எதை எடுக்கலாம்?’ என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். ஆறு துறை, ஆறு புத்தகம். ஆறில் நான்கை நான் படித்ததில்லை. அந்த நான்கில் இரண்டுக்கு முன்னுரை மட்டும் படித்திருந்தேன். மீதி இரண்டின் முதுகைக் கண்ணாடி பீரோவுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன்.

மலர் வெளியாகிப் பத்து நாள் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. குண்டு குண்டான, பள்ளிக்கூடக் கையெழுத்து.

‘ஐயா, நீங்கள் சொன்ன ஆறில் எதை முதலில் படித்தீர்கள்? இப்படிக்கு, பாக்கியவதி, ஆசிரியை.’

பதில் போடவில்லை. மூன்று வாரம் கழித்து, முகவரியைத் தேடி நேரிலேயே போனேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்துப் போனேன். அவர் காப்பி கொடுத்து உட்காரவைத்து, “உங்களைக் குத்திக்காட்ட எழுதல, சார். உங்களை மாதிரியே நானும் ஒருத்திக்குப் புத்தகம் சொன்னேன். அதைச் சொல்ல ஆள் வேணும்னு இருந்துச்சு” என்றார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை சொன்னார். பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம். மாத்துனா வேற யாரோ செஞ்சதா ஆயிரும்.”

2.

தொடக்கத்தை நான்கு தடவை எழுதினேன். முதலாவது இப்படி: ‘சிவகாசியின் வானம் அன்று கந்தக மஞ்சளாக—’

[அடித்துவிட்டேன். சிவகாசி வானம் மற்ற ஊர் வானம் போலத்தான் இருக்கும்.]

இரண்டாவது: ‘அறிவு என்பது ஒரு விளக்கு என்றால்—’

[இதை அடித்ததோடு நில்லாமல் தாளையும் கிழித்தேன்.]

மூன்றாவது குருவம்மாளிடமிருந்து தொடங்கியது. அவள் வீடு, அவள் வேலை, அவள் மனசில் ஓடியது என்று இரண்டு பக்கம். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது: அவளை நான் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒருத்தியின் மனசுக்குள் புகுந்து எழுதுவதும் படிக்காத புத்தகத்தைச் சிபாரிசு செய்வதும் ஒன்றுதான். எனவே கதை பாக்கியவதியின் கூடவே போகும். அவர் கண்ணுக்குத் தெரிந்ததைத் தாண்டி எதுவும் இதில் இருக்காது.

நான்காவது தொடக்கம் இது.

3.

சிவகாசிக்கும் ஆமத்தூருக்கும் நடுவில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம் இருந்தது. எட்டாம் வகுப்பு வரை. பெயர் வேண்டாம். பாக்கியவதி அங்கே தமிழும் சரித்திரமும் சொல்லிக்கொடுத்தார். 1955-ல் விஞ்ஞான வாத்தியார் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். தலைமையாசிரியர் ராஜசிங், பாக்கியவதியைக் கூப்பிட்டு, “ஆள் வர்ற வரைக்கும் நீங்களே பாத்துக்கிடுங்க. பாடப் புத்தகத்துல இருக்கறதைத்தானே சொல்லப்போறீக” என்றார். ஆள் வரவேயில்லை.

பாக்கியவதிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பாடப் புத்தகத்தைப் படித்தால் வாக்கியம் புரிந்தது, விஷயம் புரியவில்லை. ‘பிராணவாயு எரிதலுக்குத் துணை செய்யும்.’ சரி. எப்படித் துணை செய்யும்? விறகு எடுத்துப் போடுமா? ஒரு பிள்ளை எழுந்து கேட்டுவிட்டால் என்ன சொல்வது? இந்தப் பயத்திலேயே இரண்டு மாதம் வகுப்பு எடுத்தார். பிள்ளைகள் கேள்வி கேட்க வாய் திறக்கும்போதெல்லாம் கரும்பலகையில் எதையாவது எழுதச் சொன்னார்.

பிறகு ஒரு சனிக்கிழமை விருதுநகருக்குப் போய், தெப்பக்குளத்துப் பக்கம் பழைய புத்தகக் கடையில் மூன்று புத்தகம் வாங்கிவந்தார். முதலாவது, சுலோகம் மாதிரி எழுதப்பட்டிருந்தது. மனப்பாடம் செய்யலாம், வேறொன்றும் செய்ய முடியாது. இரண்டாவது, இரசாயனத்தின் பெருமையை நாற்பது பக்கம் சொன்னது. அதற்குள் தூக்கம் வந்துவிட்டது.

மூன்றாவது மெல்லிசு. அறுபத்து நான்கு பக்கம், காக்கி அட்டை, சிறுவர்களுக்கானது. முதல் வரியே, ‘வாளியை மழையில் வைத்தால் துருப்பிடிக்கிறது, அந்தத் துரு எங்கிருந்து வந்தது?’ என்று இருந்தது. பாக்கியவதி எழுந்து போய்க் கிணற்றடி வாளியைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

(நல்ல முதல் புத்தகம் எது என்று நான் மலரில் ஐந்து பக்கம் எழுதியதை அவர் எனக்கு இரண்டே வாக்கியத்தில் சொன்னார்: “அதை எழுதுனவருக்கு, தனக்கு ஒண்ணும் தெரியாம இருந்த காலம் மறக்கல. அதான் சார் அந்தப் புத்தகத்தோட ரகசியம்.”)

அந்தப் புத்தகத்தின் ஓரங்களில் பென்சிலால் எழுதிக்கொண்டே படித்தார். ‘காற்றுக்கு எடையா? நம்ப முடியவில்லை.’ ‘மூன்றாம் முறை படிக்கிறேன். இது எப்படி நிகழ்கிறது?’ ஒரு இடத்தில், ‘கர்த்தரே.’ அவ்வளவுதான், வேறொன்றுமில்லை. தினமும் காலையில் அதைப் படித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனார். பாடப் புத்தகத்துக்கு அடியில் மறைத்து எடுத்துப்போவார். ஒரு வருஷத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடிந்தது. விஞ்ஞான டீச்சர் என்று பெயரும் வந்துவிட்டது.

அந்தப் பெயர்தான் வினையாயிற்று.

4.

பாக்கியவதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பள்ளி நூலக அறையைத் திறந்து, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஒரு மணி நேரம் எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். பன்னிரண்டு பேர் வந்தார்கள். விடாமல் வந்தது மூன்று பேர். அதில் ஒருத்தி குருவம்மாள்.

அவளுக்கும் முப்பதை ஒட்டிய வயது. பட்டாசுக் கம்பெனியில் மத்தாப்புக் கம்பியை மருந்தில் முக்கி எடுக்கிற வேலை. விரல் இடுக்கெல்லாம் சாம்பல் நிறம் ஏறியிருக்கும். சிலேட்டைத் தொடுமுன் சேலையில் கையைத் துடைத்துக்கொள்வாள். ஒன்றரை வருஷத்தில் எழுத்துக் கூட்டிப் படித்து, பிறகு கூட்டாமலே படிக்கத் தொடங்கினாள். அவள் மகள் முருகம்மாள் அதே பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. தாயும் மகளும் வழியில் தென்படுகிற போர்டையெல்லாம் போட்டி போட்டு வாசித்துக்கொண்டு போவார்களாம்.

1957, ஆனி மாசம். மற்றவர்கள் போன பிறகும் குருவம்மாள் நின்றாள்.

“டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“மருந்துல பசை ஊத்திக் கலக்கி வைக்காக. சில நாளு, மழ ஈரமா இருக்கறப்போ, சட்டி தானாச் சூடாகுது. தொட்டா சுடுது. ஒரு மாதிரி மூத்திர வாடையும் வருது. அடுப்பு இல்ல, தீ இல்ல. எங்கிட்டு இருந்து வருது அம்புட்டுச் சூடு?”

பாக்கியவதிக்குத் தெரியவில்லை.

“போர்மேன்கிட்டக் கேட்டியா?”

“கேட்டேன். பொம்பளைக்கு எதுக்குங்காரு. சூடானா மட்டும் எங்களை வெளிய வெரட்டிட்டு, அவரு தள்ளி நிக்காரு. அப்ப அவருக்கு என்னமோ தெரியும்ல? நான் அதைத் தெரிஞ்சுக்கிடணும். மருந்தைப் பத்தி மொத மொதப் படிக்கறதுக்கு ஒரு புஸ்தகம் சொல்லுங்க.”

மேசைமேல் பாடப் புத்தகத்துக்கு அடியிலிருந்து காக்கி அட்டை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குருவம்மாள் அதன்மேல் விரலை வைத்தாள்.

“இது சின்னதா இருக்கே. இது ஆகுமா?”

இந்த இடத்தில் பாக்கியவதி பேச்சை நிறுத்தி, எனக்கு இன்னொரு தம்ளர் காப்பி ஊற்றினார். நான் வேண்டாம் என்று சொல்லியும் ஊற்றினார்.

அன்று அவர் அந்தப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எடுக்கவில்லை, இழுத்துக்கொண்டார். அந்தப் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் அவருடைய தெரியாமை அவர் கையெழுத்திலேயே இருந்தது. ‘நம்ப முடியவில்லை.’ ‘கர்த்தரே.’ தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஒருத்தியின் கண்ணில் அது படக் கூடாது என்ற ஒன்றுதான் அந்த நிமிஷம் மனசில் இருந்தது.

“இது சின்னப் புள்ளைக படிக்கறது, குருவம்மா. நீ கெட்டிக்காரி. உனக்கு எதுக்கு இது? பெருசாவே படி.”

பீரோவின் மேல்தட்டில் ஒரு புத்தகம் இருந்தது. கறுப்புக் காலிகோத் துணி அட்டை, அறுநூறு பக்கம், கல்லூரி வாத்தியார்கள் சேர்ந்து தமிழில் எழுதியது. யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. பாக்கியவதி அதில் மூன்று பக்கம் படித்து மூடியிருந்தார். அதை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

“இதுல எல்லாம் இருக்கு.”

குருவம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். முகம் அப்படி மலர்ந்தது.*

* இந்த வாக்கியத்தை எடுத்துவிடும்படி பாக்கியவதி சொன்னார். கையெழுத்துப் படியை அவரிடம் காட்டியபோது இந்த ஒரு வரிக்குமேல் அவரால் படிக்க முடியவில்லை. எடுத்தேன். பிறகு மறுபடி சேர்த்துவிட்டேன். இதற்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், இன்னும் கேட்கவில்லை.

5.

ஏழு மாதம்.

ஒவ்வொரு ஞாயிறும் பாக்கியவதி கேட்பார், “படிக்கிறியா?” குருவம்மாள் சொல்வாள், “படிக்கேன் டீச்சரம்மா.” முதலில் சத்தமாகச் சொன்னாள். புரட்டாசியில் சீசன் வேலை முற்றியபோது களைப்பாகச் சொன்னாள். கார்த்திகையில் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒரு ஞாயிறு சிலேட்டில் ஒரு சொல்லை எழுதிக்கொண்டுவந்தாள். ‘சம்யோகம்.’

“இதுக்கு என்ன அர்த்தம்? பக்கத்துக்குப் பக்கம் வருது. இது வெளங்குனாத்தான் மேக்கொண்டு போக முடியும் போலிருக்கு.”

பாக்கியவதிக்கு அர்த்தம் தெரியும், ஏறக்குறைய: இரண்டு பொருள் சேர்ந்து வேறொன்றாவது. ஆனால் விளக்கப் போனால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்தது வரும்.

“படிச்சுக்கிட்டே போ. தானா வெளங்கும்.”

[இங்கே பாக்கியவதிக்காக ஒரு நியாயம் எழுதியிருந்தேன். அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பு, பழக்கமில்லாத பாடம், பெண்ணாக இருந்தால் இரண்டு மடங்கு தெரிந்திருக்க வேண்டும் என்கிற பள்ளிக்கூடம். எல்லாம் உண்மை. ஆனால் அதை எழுதும்போது நான் எனக்காக வாதாடிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. எடுத்துவிட்டேன்.]

பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு குருவம்மாள் புத்தகத்தைப் பழைய சேலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். மேசைமேல் வைத்தாள்.

“இருபத்தோராம் பக்கத்தைத் தாண்ட முடியல. ஒவ்வொரு வரியையும் பத்து மட்டம் படிச்சேன். படிக்க வருது. என்ன சொல்லுதுன்னு தெரியல.”

“பரவால்ல குருவம்மா, கொஞ்சம் பொறுத்து…”

“இல்ல டீச்சரம்மா. உங்க மேல கொறயில்ல. நீங்க நல்ல புஸ்தகமாத்தான் குடுத்திருப்பீக. எனக்கு மண்டையில ஏறல. எழுத்துத் தெரிஞ்சதும் எல்லாம் தெரிஞ்சிரும்னு நெனச்சிட்டேன். கிறுக்கு.” சிரித்தாள். “முருகம்மாளையும் நிறுத்திக்கிடுதேன்.”

“ஏன்? அவ நல்லாப் படிக்கிறாளே!”

“நானும்தான் நல்லாப் படிக்கேன்னு சொன்னீக. ஏழு மாசம் பாத்துட்டேன்ல. எனக்கு ஏறாதது அவளுக்கு எங்கிட்டு ஏறும்? வயசு போன பெறவு தெரிஞ்சு அழுகறதுக்கு, இப்பவே தீப்பெட்டி ஒட்டப் பழகட்டும்.”

பாக்கியவதி சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். எனக்கும் அதில் மூன்று பக்கத்துக்குமேல் போக முடியவில்லை. அதை அவர் சொல்லவில்லை. நூலகப் பதிவேட்டைத் திறந்து, புத்தகத்தின் எண்ணுக்கு நேரே, ‘நல்ல நிலையில் திரும்ப வந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குருவம்மாள் அதை நின்று தலைகீழாக வாசித்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

6.

அந்த மாதக் கடைசியில் நாலாம் வகுப்பு ஆஜர்ப் பட்டியலில் முருகம்மாளின் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு விழுந்தது.

பங்குனியில் ஒரு நாள் பாக்கியவதி குருவம்மாளைத் தேடி ஆமத்தூருக்குப் போனார். காக்கி அட்டைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார். மனசு திருந்திப் போனார் என்று நினைத்து எழுதிக்கொண்டே வந்தேன். அவர் திருத்தினார்.

“அப்படி எழுதாதீக சார். போறதுக்கு முந்தி, ஒரு மத்தியானம் பூரா உக்காந்து, ஓரத்துல எழுதுனதை எல்லாம் ரப்பர் வச்சு அழிச்சேன்.”

குருவம்மாள் வீட்டு வாசலில் முருகம்மாள் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பசைச் சட்டி, தாள், கை, எல்லாம் ஒரு வேகத்தில் இருந்தன. டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டு, மறுபடி ஒட்ட உட்கார்ந்தாள். குருவம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“வாங்க டீச்சரம்மா. இம்புட்டு தூரம் வெயில்ல வந்திருக்கீக!”

“வேற ஒரு புத்தகம் கெடச்சுது. இதை மொதல்ல படிச்சிருக்கணும் நீ. தப்பு என்னுது.”

(‘நீங்க படிச்சிருக்கணும்’ என்று எழுதி அடித்தேன். அன்றும் அவர் ‘நீ’ என்றுதான் பேசினார்.)

குருவம்மாள் அதை வாங்கி நின்றபடியே திறந்தாள். முதல் பக்கத்தை வாசித்தாள். வாளி, மழை, துரு. உதடு அசைந்தது. பக்கத்தைப் புரட்டினாள். இன்னொரு பக்கம். பதினான்காம் பக்கம் வரை நின்றுகொண்டே போய்விட்டாள். அங்கே, சுடர் தெரியாமலும் ஒரு பொருள் எரிய முடியும், துருப்பிடிப்பதும் மெதுவாக எரிவதுதான், அதிலும் சூடு பிறக்கும் என்று இருந்தது. பாக்கியவதி அந்தப் பக்கத்தை நூறு தடவை படித்திருக்கிறார். குருவம்மாளின் சட்டிக்கும் அதற்கும் உறவு உண்டு என்பது, குருவம்மாள் முகம் மாறுவதைப் பார்த்தபோதுதான் அவருக்கே உறைத்தது.

பிறகு குருவம்மாள் புத்தகத்தை வெயிலுக்கு நேரே சாய்த்துப் பிடித்தாள்.

“இதுல ஆரோ எழுதி அழிச்சிருக்காக.” பென்சில் அழுந்திய தடத்தை விரலால் தடவி மெதுவாக வாசித்தாள். “மூன்றாம் முறை படிக்கிறேன். இது எப்படி நிகழ்கிறது.” நிமிர்ந்தாள். “ஆரு எழுத்து இது?”

“முன்னாடி வச்சிருந்தவுக யாரோ.”

குருவம்மாள் அவரையே பார்த்தாள்.

“டீச்சரம்மா, ‘ழ’னாவுக்கு இப்படிச் சுழி போட நீங்கதான எனக்குச் சொல்லிக்குடுத்தீக. இந்தச் சுத்துப்பட்டுல வேற யாரும் இப்படிப் போட மாட்டாக.”

வாசலில் தாள் ஒட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

“என்னுதுதான்” என்றார் பாக்கியவதி.

“அப்ப உங்களுக்கும் வெளங்கல.”

“ஆமா.”

“அந்தப் பெரிய புஸ்தகம்?”

“மூணு பக்கம்.”

“நான் இருவது படிச்சேன்” என்றாள் குருவம்மாள். அதில் பெருமை இல்லை, கணக்கும் இல்லை. “நான் முட்டாள்னு ஏழு மாசம் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு வாரமும் உங்க முன்னாடி வந்து நின்னேன். பாத்துக்கிட்டுதான இருந்தீக?”

பாக்கியவதி மகளிடம் திரும்பினார். அதையும் அவர் தப்பித்துக்கொள்ளத்தான் செய்தார், அப்படித்தான் சொன்னார். “முருகம்மா, திங்கக்கெழம பள்ளிக்கூடத்துக்கு வா. நான் பேரைச் சேத்துக்கிடுதேன்.”

ஒன்பது வயசுப் பெண் தரையைப் பார்த்துச் சொன்னாள். “எனக்கு ஏறாது டீச்சர்.”

அவள் அம்மா அவளைச் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அம்மாவுக்கும் டீச்சருக்கும் தெரியும்.

“புஸ்தகத்தை வச்சிட்டுப் போங்க டீச்சரம்மா” என்றாள் குருவம்மாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

7.

இதற்குப்பின் நான் எழுதிப்பார்த்த முடிவுகள்:

அ) குருவம்மாள் புத்தகத்தை முடிக்கிறாள். ஒரு மழை நாளில் சட்டி சூடாவதைக் கண்டு, காரணம் தெரிந்து, கத்தி, முப்பது பேரை வெளியே இழுத்துப் போடுகிறாள். பின்னால் கொட்டகை வெடிக்கிறது. இதைப் பதினோரு பக்கம் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. பாக்கியவதியிடம் வாசித்துக் காட்டினேன். “கொட்டகையை வெடிக்க வச்சு என்னையக் காப்பாத்தப் பாக்கீகளா?” என்றார். கிழித்தேன்.

ஆ) முருகம்மாள் திங்கட்கிழமை வருகிறாள்—

[இதை ஒரு வரிக்குமேல் எழுத வரவில்லை. திங்கட்கிழமை அவள் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை.]

இ) பாக்கியவதி வகுப்பில் எழுந்து நின்று, பிள்ளைகள் முன்னால், எனக்குத் தெரியாது என்று சொல்லப் பழகுகிறார். இது நடந்தது. 1958 சித்திரையிலிருந்து தெரியாத கேள்விக்குத் தெரியாது என்றுதான் சொல்லிவருகிறார். ஆனால் இதை முடிவாக வைத்தால் குருவம்மாளும் மகளும் ஒரு டீச்சர் திருந்துவதற்காகப் பிறந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். அவர்கள் அதற்காகப் பிறக்கவில்லை.

8.

ஆகவே நடந்ததையே சொல்கிறேன்.

1961-ல் பாக்கியவதி விருதுநகருக்கு மாற்றலாகி வந்தார். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் குருவம்மாள் அந்தப் பங்குனிக்குப்பின் வரவேயில்லை. புத்தகத்தைப் படித்தாளா என்பதும் தெரியாது.

1964, ஆவணி. விருதுநகர் பஸ் ஸ்டாண்டு. பாக்கியவதி மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார். எதிரே, இருபது அடி தள்ளி, குருவம்மாள் நிற்கிறாள். பக்கத்தில் தாவணி போட்ட பெண். முருகம்மாளுக்கு அப்போது பதினைந்து. தாய் ஏதோ சொல்ல, மகள் குனிந்து சிரிக்கிறாள். சந்தோஷமாகவே தெரிந்தார்கள் என்றார் பாக்கியவதி. அதுதான் தாங்க முடியவில்லை என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

குருவம்மாள் தலை இந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியது.

பாக்கியவதி அருகில் நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டார். எந்த ஊர் பஸ் என்று பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து, மறுபக்கத்துச் சீட்டில் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. கண்டக்டர் வந்தபோது கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்தார்.

அது மல்லாங்கிணறு பஸ். இறங்கினார். அங்கே அவருக்கு ஒரு சொந்தமும் இல்லை, ஒரு வேலையும் இல்லை. திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். வேப்ப மரத்தடியில், பையில் மீனோடு நின்றார். டீக்கடைக்குள்ளிருந்து ஒரு பெண் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

“உக்காருங்கம்மா. வெளியூரா? இங்கன ஆரைப் பாக்க வந்தீக?”

என்ன பதில் சொன்னீர்கள் என்று நான் பாக்கியவதியிடம் கேட்டேன். அவர் சொன்னார். நான் இங்கே எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் அடித்துவிட்டேன். அது ஒரு சின்னப் பொய், அல்லது ஒரு சின்ன உண்மை. எது என்று நான் சொன்னால், அவரை மன்னிப்பதா வேண்டாமா என்று நானே தீர்ப்பெழுதியது போல ஆகும். நான்கு புத்தகத்தைப் படிக்காமலே சிபாரிசு செய்தவனுக்கு அந்த உரிமை இல்லை.

அந்தப் பெண் முக்காலியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.